தலையாட்டாத பதில்

சறுக்குமரத்திலிருந்து தலைகுப்புற விழுந்த ஐந்து வயது நறுமுகைக்கு ஆம்புலன்ஸில் இருந்த கழுத்துப்பட்டை பெரிதாக இருந்தது. மாட்டியதும் திமிறினாள். கழுத்தில் அடி இருந்தால் திமிறுவதுதான் ஆபத்து என்று உதவியாளர் ஜெபராஜ் பட்டையைக் கழற்றினார். தோளுக்கடியில் துண்டை மடித்து வைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பியது.

"வலிக்குதாடி?" என்றாள் அம்மா. கைகளுக்குள் தலை ஆடப் பார்த்தது.

"கேள்வி கேக்காதீங்கக்கா. தலையாட்டுறா பாருங்க."

"வெளியாள் இருந்தா வாயைத் திறக்க மாட்டாண்ணே. எல்லாத்துக்கும் தலைதான்."

ஜெபராஜ் யோசித்து ஒரு சட்டம் போட்டார். "பாப்பா, ஆமான்னா ஒரு தடவை கண்ணைச் சிமிட்டு. இல்லைன்னா ரெண்டு தடவை. சரியா?"

ஒரு தடவை சிமிட்டினாள். அம்மா வலி, பசி, தாகம் என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு நறுமுகை, தனக்கு மேலே தலைகீழாகத் தெரிந்த முகத்தைப் பார்த்து முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"மாமா, என் கழுத்து ஒடஞ்சிருச்சா?"

ஒரு சிமிட்டலா, இரண்டா என்று அம்மாவும் அவர் கண்களையே பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருந்தது. ஜெபராஜுக்குக் கண் எரியத் தொடங்கியது. அவர் இமைக்கவில்லை.