கதவுக்கு வெளியே நான்கு பேர்

"அழுதுச்சா? மார்ஜரி, குழந்தை அழுதுச்சா?"

கதவுக்கு வெளியிலிருந்து ஃபல்க் பிரபு கத்தினார். பிரசவ அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது. ஆனாலும் விடிந்ததிலிருந்து அவர் அந்த வாசலை விட்டு நகரவில்லை.

"கொஞ்சம் பொறுங்க ஐயா, இப்பத்தானே வெளிய வந்திருக்கு!" என்று அதட்டினாள் மருத்துவச்சி மார்ஜரி.

குழந்தை நீலம் பாரித்திருந்தது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினாள். சத்தம் வரவில்லை.

கட்டிலில் கிடந்த பெட்ரோனில்லா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இது மூன்றாவது. முதல் இரண்டும் குரலே எழும்பாமல் மண்ணுக்குள் போய்விட்டன.

"வெளிய யாரு மார்ஜரி? நிறையப் பேரு பேசற மாதிரி இருக்கே?"

"உங்க வீட்டுக்காரர் நாலு பேரை நிக்க வெச்சிருக்காரம்மா. பக்கத்துப் பண்ணைக்காரங்க ரெண்டு பேரு, பாதிரியாரு, அப்புறம் வக்கீல் கில்பர்ட்டு."

"பாவம், தனியா நிக்க பயமா இருக்கும் அவருக்கு."

பெட்ரோனில்லாவுக்குக் கண் கலங்கியது. அப்பா அவளுக்கு விட்டுப்போனது மூன்று கிராமங்கள். அதைவிடப் பெரிய சொத்து இந்தப் புருஷன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளைக் குதிரை ஏற விட்டதில்லை. லேசாக இருமினாலே வூஸ்டர் நகரத்திலிருந்து வைத்தியரை வரவழைத்துவிடுவார். இப்போதும் அந்த வைத்தியர் கீழே காத்திருக்கிறார். "உன்னை முட்டையை ஏந்தற மாதிரி ஏந்திக்கிட்டுத் திரியறாரு உன் வீட்டுக்காரர். எனக்கும் வாய்ச்சிருக்கே ஒண்ணு!" என்று தங்கை அவிஸ் எத்தனை தடவை பொருமியிருக்கிறாள்!

மார்ஜரி குழந்தையின் வாயில் வாய் வைத்து ஊதினாள். மறுபடி தட்டினாள்.

வீல் என்று ஒரு குரல் எழுந்தது.

"கேட்டுச்சா? நாலு பேருக்கும் கேட்டுச்சா?" ஃபல்க் துள்ளிக் குதிப்பது தரைப்பலகையில் அதிர்ந்தது.

"கேட்டுச்சு பிரபு. நல்லாவே கேட்டுச்சு."

பெட்ரோனில்லா அழுதுகொண்டே சிரித்தாள். "பாரு மார்ஜரி. ஆணா பொண்ணான்னுகூடக் கேக்கல. எதுன்னாலும் சரின்னு நினைக்கிற மனசு!"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குழந்தையின் தலை மார்ஜரியின் கையில் துவண்டு விழுந்தது. அவள் அவசரமாகத் தண்ணீர் தெளித்து, ஞானஸ்நான வார்த்தைகளை முணுமுணுத்து, துணியால் மூடினாள்.

"ஐயா... பாப்பா போயிடுச்சு."



"ஒரு தடவையாவது குரலைக் கேட்டோமே, அது போதும்" என்றார் ஃபல்க்.

ஆமாம், அது போதும் என்று பெட்ரோனில்லாவும் மனதைத் தேற்றிக்கொண்டாள். இன்னொன்று பிறக்கும். அவர் பக்கத்தில் இருக்கும்வரை எதையும் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கால்கள் ஏன் இப்படிச் சில்லிட்டுப் போகின்றன?

போர்வையை விலக்கிப் பார்த்த மார்ஜரி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். "ஐயா! ரத்தம் நிக்க மாட்டேங்குது! கீழ இருக்கிற வைத்தியரை உடனே வரச் சொல்லுங்க, பொழைச்சுக்குவாங்க!"

சொல்லி முடிப்பதற்குள் படிக்கட்டில் வைத்தியரின் காலடிச் சத்தம் கேட்டது. பெட்ரோனில்லா நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

"ஒரு நிமிஷம் அங்கேயே நில்லுங்க, வைத்தியரே." ஃபல்க்கின் குரல் திறந்த கதவு வழியாகத் தெளிவாக வந்தது. "கில்பர்ட்டு, இன்னொரு தடவை சொல்லுப்பா. சட்டம் என்ன சொல்லுது?"

"குழந்தை அழாமலே செத்துப் பொறந்திருந்தா, அம்மா காலத்துக்கு அப்புறம் மூணு கிராமமும் அவங்க தங்கச்சிக்குப் போயிடும் பிரபு. ஆனா உயிரோட பொறந்து ஒரே ஒரு தடவை அழுதுட்டாலும் போதும். அதை நாங்க நாலு ஆம்பளைங்க கேட்டிருக்கோம். இனிமே அம்மா இருந்தாலும் சரி, இல்லைன்னாலும் சரி, உங்க ஆயுசு முழுக்க நிலம் உங்களுக்குத்தான்."

"அப்ப சரி. நீங்க கிளம்பலாம், வைத்தியரே."