வாடகைப் பசி

கென்யாவின் மாரா புல்வெளியில், ஒற்றை வேல மரத்தடியில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. காலையில் சிங்கம் பார்த்துத் திரும்பிய கோயம்புத்தூர் சென்னியப்பன் அங்கே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றுலா முகாமின் தமிழ்ச் சமையல்காரன் மிக்கேல், தணலில் வாட்டிய ஆட்டு விலாவையும் மக்காச்சோளக் களியையும் கொண்டுவந்து அவருக்கு எதிரே இருந்த மாசாய்ப் பெண் நசேரியன் முன்னால் வைத்தான்.

உடம்பு இளைக்க ஊசி போட்டுப் போட்டே பசி செத்துப்போன பணக்காரர்களுக்கு அந்த முகாமில் அப்படித்தான் விருந்து. இருவர் மணிக்கட்டிலும் ஒரே மாதிரிப் பட்டை. அவளுக்குப் பசித்தால் அவருக்கும் பசிக்கும். அவள் தின்றால் அவருக்கும் ருசிக்கும்.

அதற்காக நசேரியன் நேற்றுக் காலையிலிருந்து பட்டினி. நேற்று அவள் மகளுக்குப் பிறந்தநாள். மகள் கேக்கை ஊட்ட வந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை மிக்கேல் பார்த்திருந்தான். அதனாலேயே இன்று நல்ல கொழுப்பு விலாவாகப் பார்த்துச் சுட்டிருந்தான்.

அவள் விலாவை எடுத்தாள்.

"தம்பி, சித்த நேரம் பொறுக்கச் சொல்லுங்க," என்றார் சென்னியப்பன். அவர் கண் கலங்கியிருந்தது. "இப்படிப் பசிச்சு நாப்பது வருசமாச்சுங்க. என்ன சுகம்!"

"கறி ஆறிரும், ஐயா."

"ஆறுனா வேற சுடுங்க. இப்பத்தான் வயிறு நல்லாக் கிள்ளுது. இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும்."

மிக்கேல் அதை அவளுடைய பாஷையில் சொன்னான்.

நசேரியன் விலாவைத் தட்டில் வைத்தாள். கொழுப்பு ஒட்டிய விரலை வாய்க்குக் கொண்டுபோனவள், அவரைப் பார்த்துவிட்டு, வெள்ளை விரிப்பில் துடைத்துக்கொண்டாள்.