சேலஞ்ச்!

"சேலஞ்ச்!"

மாமா மேசையைத் தட்டிய தட்டில் தேநீர்க் கோப்பை ஆடியது. அக்காவின் முகம் சுண்டிப் போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே என்ன? தலையில் அடிபட்டு, ஆபரேஷன் முடிந்து, இப்போதுதான் எழுந்து நடமாடுகிறாள். கட்டின மனைவியிடம் ஒரு மனுஷன் இப்படியா நடந்துகொள்வான்?

ஆட்டம் அவர்கள் வீட்டு ஆட்டம்தான். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தது. பைக்குள் கையை விட்டு ஓர் ஆங்கில எழுத்தை எடுக்க வேண்டும். அதில் தொடங்கும் ஒரு வார்த்தையை, பத்து எழுத்துக்குக் குறையாமல், அர்த்தத்தோடு சொல்ல வேண்டும். எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் 'சேலஞ்ச்'. அகராதியைப் புரட்டிப் பார்த்து, சொன்னது சரியாக இருந்துவிட்டால் சந்தேகப்பட்டவருக்கு இரண்டு மார்க் போச்சு.

ஆனால் இன்றைக்கு அது வெறும் ஆட்டமில்லை.

அக்கா ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் தயாரிப்பவள். "திரும்ப ஆரம்பிக்கறீங்களா, இல்ல வேற ஆளைப் பார்க்கட்டுமா?" என்று ஆசிரியர் கேட்டிருந்தார். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"முடியாதுன்னு சொல்லிடப் போறேன்டா" என்று காலையில் தம்பியிடம் அழுதாள். "வார்த்தை வருது. ஆனா அது சரியான வார்த்தைதானான்னு தெரிய மாட்டேங்குது. உங்க யாரைக் கேட்டாலும், 'சரிதான், சரிதான்'னு தடவிக் குடுக்கறீங்க. நிஜமா சொல்றீங்களா, பாவம்னு சொல்றீங்களா? நான் யாரை நம்பறது?"

மாமா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. எழுத்துப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அகராதியைத் தம்பியின் மடியில் போட்டார்.

"நீதான் நடுவர் மாப்ள. இன்னிக்கு எழுத்து எடுக்கறது முழுக்க அவதான்."

மாமாவுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. வருகிறவர்களைக் கடைசி வரி வரைக்கும் படிக்க வைத்துப் பிழிந்தெடுக்கிற ஆள். வீட்டிலும் அதே கதைதான்.

"பார்போரிக்மஸ்" என்று அக்கா மறுபடியும் சொன்னாள். "வயித்துக்குள்ள கடமுடான்னு சத்தம் வருமே, அது."

"பசிக்குதுன்னா பசிக்குதுன்னு சொல்லு. இதுக்கெல்லாம் ஒரு வார்த்தையா? கதை விடாதே. பாரு மாப்ள."

தம்பி புரட்டினான். "இருக்கு மாமா. அர்த்தமும் அதேதான்."

மாமா உதட்டைப் பிதுக்கினார். இரண்டு மார்க் போச்சு.

அடுத்தது டி.

"டீஃபெனஸ்ட்ரேஷன். ஒருத்தரை ஜன்னல் வழியா வெளியே தூக்கி எறியறது."

"சேலஞ்ச்!"

அதுவும் இருந்தது. தம்பிக்கு அந்த வார்த்தையை அங்கேயே செய்து காட்ட வேண்டும் போலிருந்தது. என்ன செய்வது, வீடு தரைத்தளமாகப் போய்விட்டது.

"பாண்டிகுலேஷன். தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கறது."

"சேலஞ்ச்!"

அதுவும் சரி. அக்கா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இன்னும் எத்தனை மார்க்கைத் தோக்கப் போறீங்க?" என்றாள்.

சி வந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள்.

"கிரெபஸ்குலர். தோல்ல விழற சுருக்கம்."

அது தப்பென்று தம்பிக்குத் தெரிந்துவிட்டது. அவன் போட்டோகிராபர். கிரெபஸ்குலர் என்றால் அந்தி நேரத்து வெளிச்சத்தைச் சேர்ந்தது. அந்த வெளிச்சத்தில் கல்யாண ஜோடிகளை நிறுத்திப் படம் பிடித்துத்தான் அவன் பிழைப்பே ஓடுகிறது. போச்சு, இப்போது மேசை உடையப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டான்.

மாமா தேநீரை ஒரு வாய் குடித்தார். "ம். அடுத்த எழுத்தை எடு."

அப்பாடா, மனுஷனுக்குத் தெரியவில்லை!

எஸ் வந்தது.

"ஸ்டெர்னுடேஷன். தும்மல்."

"தும்மல்னா தும்மல். அதுக்கு இவ்வளவு நீளமா? சேலஞ்ச்!"

"இருக்கு மாமா!" என்று தம்பி அகராதியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இன்றைக்குத்தான் அவன் கேட்கிறான். சிரித்த கையோடு அவள் போனை எடுத்தாள்.

"சார், அடுத்த வாரத்துலேர்ந்து நானே தர்றேன்... இல்ல சார், நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். வீட்டுல ஒருத்தர் குடைஞ்சு எடுத்துட்டாரு. ஒவ்வொரு தடவையும் அகராதி என் பக்கம்தான் நின்னுச்சு. வேணும்னா இவர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு அனுப்பறேன். இவர் கண்ணுலேர்ந்து ஒரு தப்பு தப்பிக்காது."

தம்பி விருட்டென்று சமையலறைக்குப் போனான். மாமா அதற்குள் அங்கே வந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா, உடம்பு முடியாதவகிட்ட இப்படியா மல்லுக்கு நிப்பீங்க? கொஞ்சம் விட்டுக் குடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

மாமா அடுத்த கோப்பையை எடுத்தார்.

"அதுவும் அவ சரியா சொன்னதையெல்லாம் பிடிச்சுக்கிட்டீங்க. தப்பா சொன்னது அந்த கிரெபஸ்குலர் ஒண்ணுதான். கேமரா பிடிக்கிற எனக்கே தெரியுது. பெரிய ஆட்டக்காரர் உங்களுக்குத் தெரியலை!"

கூடத்தில் அக்கா இன்னும் ஆசிரியரோடு கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள். மாமா அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"தெரியும் மாப்ள" என்றார் மெதுவாக. "அதனாலதான் அதை மட்டும் கேக்கலை."