வெறும் ஆணி

"முதல்ல அந்த போட்டோவைக் கழட்டுங்க! அப்பா கிளம்பிட்டாராம்."

போனை வைத்த கையோடு கணவனை விரட்டினாள் அர்கிரோ. பந்தெலிஸ் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"எங்கப்பா போட்டோ எங்க வீட்ல இருக்கக்கூடாதா? அதுவும் அவரோட பெயர்த் திருநாள் அன்னைக்கு?"

"ஒரு மணி நேரம்தாங்க. அவர் போனதும் மாட்டிக்கலாம்."

அர்கிரோவின் அப்பா இஸிதோரோஸ் மார்னாஸ், பிரேயஸ் துறைமுகத்தில் பெரிய புள்ளி. கடலில் எத்தனை கப்பல் ஓடுகிறது என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். இன்னொரு கப்பல் முதலாளி வீட்டில் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார். அவளோ, அப்பாவின் கப்பலில் சமையல்காரராக இருந்தவரின் மகனை, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றோடு பேச்சுவார்த்தை அற்றுப்போனது.

"உங்கண்ணன் என்னதான் சொன்னார் போன்ல?"

"ஆபீஸ்ல எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தாராம். 'எம் பொண்ணு வழக்கத்தையே தள்ளி வச்சுட்டுப் பையனுக்கு எம் பேரை வச்சிருக்கா'ன்னு ஒரே பெருமையாம்."

தலைப்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயரை வைப்பதுதான் அங்கே வழக்கம். அதை அர்கிரோவும் மீறவில்லை. அவள் மாமனார் பெயரும் இஸிதோரோஸ். ஹியோஸ் தீவில் தடுக்கி விழுந்தால் யாராவது ஒரு இஸிதோரோஸ் மேல்தான் விழவேண்டும். இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் அதுதான்.

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவேன்" என்றான் பந்தெலிஸ்.

"கேக்க மாட்டார். உங்கப்பா பேரு அவருக்கு எங்க தெரியப்போகுது? கப்பல்ல எல்லாரும் 'மொச்சை'ன்னுதானே கூப்பிட்டாங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. தினமும் மொச்சை சூப் காய்ச்சி ஊற்றிய மனுஷனுக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவர் இறந்தபோது கல்லறைக்கு வந்த மாலுமிகள்கூட, "மொச்சை போயிட்டானே" என்றுதான் அழுதார்கள்.

"எனக்கு அம்மாவும் இல்லை. பெத்தவங்கன்னு இருக்கிறது அவர் ஒருத்தர்தான். இன்னைக்குத் திரும்பிப் போயிட்டார்னா இனி வரவே மாட்டார்" என்றாள் அர்கிரோ.

பந்தெலிஸ் எழுந்து போட்டோவைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தான்.

அந்தப் பெயருள்ள புனிதரின் நாள்தான், இஸிதோரோஸ் என்ற பெயர்கொண்ட எல்லாருக்கும் பெயர்த் திருநாள்; அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்து வைத்தால் போதும், வருகிறவர்கள் வருவார்கள். அதனால் மார்னாஸின் கௌரவத்துக்கும் பங்கமில்லை. கைத்தடியை ஊன்றி, மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வாசலில் வந்து நின்றார்.

"லிஃப்ட் இல்லாத வீட்ல குடியிருக்கத்தான் எம் பேச்சை மீறிப் போனியாடி?"

திட்டிக்கொண்டே மகளை இழுத்து நெற்றியில் முத்தமிட்டார். அவள் அழுதுவிட்டாள். பேரனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இஸிதோரோஸ்! நூறு வருஷம் இருடா!"

பையன் அவர் மீசையைப் பிடித்து இழுத்தான். மார்னாஸுக்கு ஒரே குஷி.

"யாரு மாதிரி இருக்கான் இவன்?"

"அப்படியே உங்க ஜாடைப்பா!"

"காது என்னுது இல்லையே. எங்க வம்சத்துல யாருக்கும் இவ்ளோ பெரிய காது கிடையாது."

"வளர வளரச் சரியாயிடும்ப்பா" என்று சொல்லி, குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்திய மாஸ்டிக் என்ற மரப்பிசின் மிட்டாய் ஒட்டிய கரண்டியை அவசரமாக நீட்டினாள். அவர் அதைக் குழந்தைபோலச் சப்பினார்.

"ஜப்பான்ல ஒரு புதுக் கப்பல் கட்டிட்டிருக்காங்க. அதுக்கு இவன் பேருதான் வைக்கப்போறேன்."

பந்தெலிஸுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஐயா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"காப்பி பொங்குது, போய்ப் பாருங்க!" என்றாள் அர்கிரோ. அடுப்பில் காப்பியே இல்லை. பந்தெலிஸ் போய் அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். செத்துப்போன அப்பாவை இரண்டாம் முறையும் பெயரில்லாமல் ஆக்கிவிட்டதாக அவனுக்கு வலித்தது.

கொஞ்ச நேரத்தில் மார்னாஸ் எழுந்தார். "ஞாயித்துக்கிழமை பேரனைத் தூக்கிட்டு வீட்டுக்கு வாங்க, ரெண்டு பேரும்."

அர்கிரோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசலில் தொப்பியைப் போட்டுக்கொண்ட மார்னாஸ், எதிர்ச் சுவரை ஒரு முறை பார்த்தார். சுவரில் ஒரு வெறும் ஆணி. அதன் கீழே நிறம் மங்காத ஒரு சதுரம்.

"மாப்ளே, உங்கப்பாவை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்களோ, எடுத்து அங்கேயே மாட்டுங்க. அவன் திருநாளும்தானே இன்னைக்கு?"

பந்தெலிஸ் அலமாரியைத் திறந்து போட்டோவை எடுத்தான்.

"ஆபீஸ்ல சொன்னது ஊருக்காக. இறங்கி வர எனக்கும் ஒரு சாக்கு வேணுமே" என்றபடி கைத்தடியை முதல் படியில் ஊன்றினார். "முதல் கப்பல்ல நான் கேப்டன், அவன் சமையல். யாராவது 'இஸிதோரோஸ்'னு கூப்பிட்டா ரெண்டு பேரும் ஓடி வருவோம். ஒரு கப்பலுக்கு ரெண்டு இஸிதோரோஸ் எதுக்குன்னு, அவனுக்கு 'மொச்சை'ன்னு பேரு வச்சதே நான்தான். புதுக் கப்பல் அவன் பேர்லதான் ஓடப்போகுது, மாப்ளே. என் பேர்ல இல்லை."