எழுந்து நின்ற தேங்காய்

அவிநாசிபாளையத்துத் தோட்டத்தில் போட்ட மூன்று ஆழ்துளைக் கிணறுகளும் புழுதியைத்தான் கக்கின. அர்த்தநாரிக்கு இன்னும் ஒரேயொரு முறை துளைத்துப் பார்க்கத்தான் தெம்பு இருந்தது. அதுவும் பொய்த்தால் காய்ந்துவரும் தென்னைகளை வெட்ட வேண்டியதுதான்.

"மாமா, மேக்கு வேலியோரம் வெள்ளைக்கல்லு வரிசையா ஓடுதுங்க. அதுக்கடியில பாறை வெடிச்சிருக்கும். அங்க போடலாமுங்க" என்றாள் மருமகள் ஜெயபாரதி. பனியன் கம்பெனி விடுமுறை விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சமுதாயக் கல்லூரியில் நிலவியல் படித்துக்கொண்டிருந்தாள்.

"கல்லைப் படிச்சுப்போட்டுத் தண்ணி சொல்றியா கண்ணு? நீரோட்டம் பாக்கற சந்தனம் வரட்டும். அவரு தேங்காய் சொல்லட்டும்."

சந்தனம் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவரைப் போல வெயிலில் மெல்ல நடந்தார். தென்னங்கீற்றுகள்கூட அசையாமல் பார்த்திருப்பது போலிருந்தது. மேற்கு வேலியோரம் வெள்ளைக்கற்களின் மேல் அவர் கால் பட்டதும், தேங்காய் மெதுவாக எழுந்து நின்றது.

"இங்கனதான்" என்றார்.

மறுநாள் நானூறு அடியில் தண்ணீர் பீறிட்டது. அர்த்தநாரி நனைந்தபடியே சிரித்தார்.

"பாத்தியா கண்ணு! இதையெல்லாம் உங்க காலேஜுல சொல்லித் தருவாங்களா?"

"இல்லீங்க மாமா" என்று ஜெயபாரதி தலையைக் குனிந்துகொண்டாள்.

வெற்றிலைத் தட்டோடு கிளம்பிய சந்தனம், அவளைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு உன் நோட்டைக் கொண்டாந்துரு தாயி. கடைசி பெஞ்சுல இருந்து எனக்கு போர்டு சரியாத் தெரிய மாட்டேங்குது."