ஆறாவது பள்ளம்

ஏலத்தில் வாங்கிய பழைய வில்லுக்குப் பிடித்தோல் மாற்ற வேண்டுமென்று தாய்மாமா என் பட்டறைக்கு வந்தார். அவருக்குக் கைநடுக்கம். ஞாயிறன்று சம்பந்தியோடு போட்டி. தோற்றால் ஆயுசுக்கும் கேலிதான்.

தேய்ந்த தோலில் ஆறு விரல் பள்ளங்கள் இருந்தன. உரித்தெறிந்துவிட்டுப் புதுத்தோல் ஒட்டினேன். காலையில் பார்த்தால் அதிலும் அதே ஆறு பள்ளங்கள். வில்லை வாங்க வந்த மாமா முறைத்தார்.

“பழசையே துடைச்சு ஒட்டிட்டு, என்கிட்டயே வியாபாரமா மாப்ளே?”

“பழசு அதோ குப்பைக்கூடையில கிடக்கு மாமா. சும்மா பிடிச்சுப் பாருங்க.”

ஐந்து விரல்களும் ஐந்து பள்ளங்களில் பாந்தமாக உட்கார்ந்தன. நாணை இழுத்தார். கை துளியும் நடுங்கவில்லை.

“சம்பந்தி தொலைஞ்சார்,” என்று சிரித்தார். “கூலியில பாதிதான் தருவேன். மீதி வேலையை வேற யாரோல்ல பாத்திருக்காங்க.”

நானும் சிரித்தேன். காலியாக இருந்த ஆறாவது பள்ளம், யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் மெல்ல அமுங்கியது.