பக்கத்து சீட்

வெண்டல் அந்தப் பெரிய வண்டியின் பின் டயரை ஒரு உதை விட்டான். குனிந்து அடியில் பார்த்தான். நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டான்.

"வேண்டாம். இது பெட்ரோல் குடிச்சே நம்மள ஒழிச்சிடும்."

"உன் பிக்கப் வண்டி மட்டும் தண்ணியிலயா ஓடுது?" என்றான் ஆர்லோ.

கட்டிலும் அடுப்பும் வைத்த அந்த மோட்டார் ஹோம் ஆர்லோவுடையது. முட்டி போய்விட்டது, இனி ரேஸ் கிடையாது. இதை விற்றுவிட்டு அரிசோனாவில் மகளோடு இருக்கப் போகிறான். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்கள் முடிந்திருந்தன. ட்ராக்கை ஒட்டிய புல்வெளியில் எல்லோரும் கூடாரங்களை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெண்டலின் மனைவி டார்லீன் வண்டிக்குள் இருந்தாள். ரேஸ் உடையைக்கூட இன்னும் கழற்றவில்லை. ஷூ மெத்தையில் படாமல் காலை வெளியே நீட்டி, கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று ராத்திரி மழையில் அவர்கள் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. விடியும்வரை பிக்கப்பில் உட்கார்ந்திருந்தாள். காலையில் ரேஸ் காரில் ஏற முடியாமல் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தாங்கி உள்ளே இறக்கினார்கள்.

இப்படி ஒரு கட்டிலில் படுத்து எழுந்தால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம். இல்லையென்றால் இந்த சீசனோடு சரி. வெண்டலிடமும் சொல்லியிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே பேச்சு கேட்டது.

"அவளை ஒரு நாளாவது கட்டில்ல தூங்க விடேன்டா."

"கட்டில் வீட்ல இருக்கு."

"உன்ன மாதிரி ஒரு கஞ்சன இந்த ட்ராக்குல நான் பாத்ததில்ல."

"கூரை ஒழுகும்போல இருக்கே."

"எங்க ஒழுகுது? காட்டு."

வெண்டல் காட்டவில்லை.

டார்லீன் படியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள்.

"எனக்குப் பிடிச்சிருக்கு, வெண்டல்."

"உனக்கென்ன, இதை ஓட்டப்போறது நான்தானே."

அது சரிதான். ட்ராக்குக்குள் ஓட்டுவது அவள். ரேஸ் காரை ஏற்றிய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வருவதும் வீடு போய்ச் சேர்ப்பதும் எப்போதும் அவன். திரும்பும்போது பக்கத்து சீட்டில் ஒரு சின்னத் தலையணையில் சாய்ந்து அவள் தூங்கிவிடுவாள். விழிக்கும்போது வீடு வந்திருக்கும்.

"நீ முதல்ல ட்ராக் ஓரத்துல நின்னு போர்டை ஒழுங்காக் காட்டப் பழகு, வெண்டல்," என்று சிரித்தான் ஆர்லோ. "கேளு டார்லீன், கடைசி ரவுண்டுன்னு எழுதி உன் புருஷன் இன்னிக்கு யாருக்குக் காட்டினான் தெரியுமா? முப்பத்திமூணாம் நம்பருக்கு. நீ எண்பத்தெட்டு, பின்னாலயே வர. உனக்கு ஒண்ணுமில்ல. முப்பத்திமூணுல போன பல் டாக்டரு ரொம்ப நன்றின்னு கையாட்டிட்டுப் போறாரு."

"ரெண்டும் நீலக் கார். யாரா இருந்தாலும் தடுமாறத்தான் செய்யும்," என்றான் வெண்டல்.

"காசுன்னா மட்டும் தடுமாற மாட்ட. இரு, என்ஜினப் போடறேன். சத்தத்தக் கேட்டுட்டுப் பேசு."

ஆர்லோ முன்பக்கம் ஏறினான். வெண்டல் பின்பக்கம் போனான். ட்ரெய்லரை மாட்டும் கொக்கிக்கு மேலே ஒரு தகடு இருந்தது. விரலால் அழுக்கைத் துடைத்தான். முகத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

"டார்லீன், இங்க வா. நீயே பாரு. மூவாயிரம் பவுண்டு எடைதான் இழுக்குமாம். நம்ம ட்ரெய்லரும் காரும் சேந்தா நாலாயிரம் தாண்டிடும். என்னையக் கஞ்சன்னான்ல?"

அவன் குரலில் நிம்மதி தெரிந்தது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்தாள். தகட்டில் எண்கள் பெரிதாக, பளிச்சென்று இருந்தன.

எட்டாயிரம்.

இன்னொரு தடவை படித்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் தகட்டையே பார்த்துக் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றான்.

"மூவாயிரம்தானே?" என்றான்.

என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றாள் டார்லீன். "மூவாயிரம்தான்."

ஆர்லோ என்ஜினை நிறுத்திவிட்டு வந்தான். "என்ன, முடிச்சிடலாமா?"

"இல்ல ஆர்லோ. கொக்கி தாங்காது."

"தாங்காதா? நான் இத்தனை வருஷமா இதுல..."

"எங்களுக்குத் தாங்காது."

அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கஞ்சத்தனம் உனக்கும் ஒட்டிக்கிச்சு, டார்லீன். இனிமே வேற ஆளப் பாக்கறேன்."

பிக்கப்பின் அருகே வந்ததும் அவள் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

"நீயா? ரேஸ் ஓட்டிட்டுக் களைச்சுப் போயிருப்ப."

"இன்னிக்குத் தூக்கம் வரல."

வேறொரு நாளென்றால் வாக்குவாதம் வளர்ந்திருக்கும். வெண்டல் சாவியைக் கொடுத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறினான். பக்கத்து சீட்டில் தலையணை கிடந்தது. அதை எடுத்தவன், எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

டார்லீன் அடியில் கையை விட்டு, அவன் காலுக்குத் தோதாகத் தள்ளி வைத்திருந்த சீட்டை முன்னால் இழுத்தாள். வெளிப்பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். அதில் ஆர்லோவின் வண்டியில் கட்டிலை ஒட்டிய அந்தச் சின்ன ஜன்னல் தெரிந்தது.

ஜன்னல் போய், ட்ரெய்லர் மட்டும் தெரியும்வரை கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.